முன்பணமும் முறையீடும்

வாணிகத்தில் பொருளும் பணமும் கைமாறும் முறை மூன்று வகைப்படும். பொருளைப் பெறும்போதே பணம் கொடுப்பது ஒன்று. பொருளை முன்னர்ப் பெற்றுப் பணத்தைப் பின்னர்க் கொடுப்பது மற்றொன்று. பணத்தை முன்னர்க் கொடுத்துவிட்டுப் பொருளைப் பின்னர்ச் சிறிது சிறிதாகப் பெறுவது மூன்றாவது. முதல் வகையில் இருவரும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய தேவை மிகக் குறைவு. இரண்டாம் வகையில் வணிகன் வாங்குவோனை நம்புகிறான். மூன்றாம் வகையில் வாங்குவோன் வணிகனை நம்புகிறான். கடன்பட்டவன் கடன் கொடுத்தவன்முன் பணிந்து நிற்பதை உலகம் இயல்பெனக் கொள்கிறது. அங்ஙனமாயின், முன்பணம் வாங்கிய வணிகன் அதனைக் கொடுத்தவன்முன் எங்ஙனம் நிற்றல் வேண்டும்?

கைத்தொலைபேசியின் முன்கட்டண முறையை ஆராய்வோர் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். மலேசியாவில் கைத்தொலைபேசி எண் வைத்திருப்போருள் பெரும்பாலோர் முன்கட்டணத்தாரே. லூமுட் படகுத்துறையில் பங்கோர்த் தீவுக்குச் செல்லக் காத்திருக்கும் கூலியாளர் முதல், சித்தியவான், ஆயர் தாவார்ப் பக்கம் இரப்பர் அழிந்து செம்பனை ஓங்கிய தோட்டங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் முதியோர் வரை, மளிகைக் கடையில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் காசு ஏற்றிக்கொள்பவர் மிகப் பலர். அவர்கள் பணம் முன்னே போகிறது; குறை நேர்ந்தால் முறையீடு பின்னே போகிறது. முன்னே போன பணம் நொடியில் சேர்கிறது. பின்னே போகும் முறையீடு சேருமிடம் தெரியாமல் அலைகிறது. ஏன் இந்த வேறுபாடு என்பதே இங்கு ஆராய்ச்சிக்குரியது.

சொல்லும் பொருளும்

'வாடிக்கையாளர் சேவை' என்பது இன்று எல்லா நிறுவனங்களின் வாயிலும் வழங்கும் தொடர். இதனை இலக்கண நெறியால் விரித்துப் பார்த்தல் நன்று. 'வாடிக்கையாளர்க்குச் செய்யும் சேவை' என விரித்தால் நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். 'வாடிக்கையாளரால் செய்யப்படும் சேவை' என விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். இலக்கணம் இரண்டிற்கும் இடந்தருகிறது. விளம்பரத்தில் நிறுவனங்கள் சொல்வது நான்காம் வேற்றுமை. முறையிடச் சென்றவர் காண்பதோ மூன்றாம் வேற்றுமை. எண்களை அழுத்துபவர் அவர், காத்திருப்பவர் அவர், அடையாள அட்டை எண்ணை மீண்டும் மீண்டும் ஒப்புவிப்பவர் அவர், நடந்ததை முதலிலிருந்து நான்கு பேரிடம் நான்கு முறை சொல்பவரும் அவரே.

'சேவை' என்னும் சொல்லுக்கு இறைவன் திருமுகங் காணல் என்னும் பொருளும் தமிழில் உண்டு. பெருமாள் கோயிலில் அடியார் நெடுநேரம் வரிசையில் நின்று, திரை விலகும் கணத்தில் ஒருமுறை கண்டு, மனம் நிறைந்து திரும்புவர். அங்கே காத்திருத்தலும் வழிபாட்டின் கூறு. பத்து வெள்ளி கொடுத்துக் காற்றலையில் சிறிது இடம் வாங்கியவர்க்கு அத்தகைய சேவை எதற்கு? சொல்லின் ஒரு பொருளைக் காட்டி அழைத்து, மற்றொரு பொருளை வழங்குவது முறையன்று.

வாங்குபவரைக் குறிக்கும் சொற்களும் எண்ணத்தக்கன. 'வாடிக்கையாளர்' என்றால் வழக்கமாக வருபவர். கடைக்காரர் அவரை முகங்கண்டு அறிவார் என்பது அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. 'நுகர்வோர்' என்பது தமிழ்நாட்டில் பெருவழக்கு. பொருளைத் துய்ப்பவர் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. மலேசியத் தமிழர் போற்றி வளர்த்த சொல் 'பயனீட்டாளர்' என்பது. கொடுத்த பணத்திற்குப் பயனை ஈட்டும் உரிமை உடையவர் என்பது அதன் கருத்து. 1969-இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், அதனை 2019-இல் மறையும்வரை நடத்திச் சென்ற எஸ். எம். முகமது இத்ரீசும் இச்சொல்லை இந்நாட்டுத் தமிழர் நாவில் நிலைபெறச் செய்தனர். மூன்று சொற்களுள் முன்கட்டணத்தார்க்கு மிகவும் பொருந்துவது இதுவே. பயன் வருமுன்னரே பணம் கொடுத்தவர் அவர். அப்பயனை ஈட்டும் உரிமை பிறரினும் அவர்க்கு மிகுதி.

திறந்த ஏடும் மூடிய ஏடும்

மலேசிய நாட்டில் வாழ்ந்தோர்க்கு '555' என்னும் சிறு ஏட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோட்டத்துக் கடையிலும் கம்பத்துக் கடையிலும் கடன் கணக்கு அதில் எழுதப்பட்டது. அரிசி இவ்வளவு, உப்பு இவ்வளவு, கருவாடு இவ்வளவு என்று கடைக்காரர் குறிப்பார். சம்பள நாளில் ஏட்டை விரித்துக் கணக்குப் பார்ப்பார்கள். "இந்த ரெண்டு டின் பால் நான் வாங்கவே இல்லையே அண்ணே" என்று தொழிலாளி விரல் வைத்துக் காட்டுவார். கடைக்காரர் நினைவுபடுத்துவார், அல்லது அடித்துவிடுவார். அக்கணக்கில் பிழையே இருந்ததில்லை என்றோ, ஏமாற்றே நிகழ்ந்ததில்லை என்றோ யாரும் சொல்லார். ஆயினும் மூன்று நன்மைகள் அதில் இருந்தன. கணக்கு இருவர் கண்ணிலும் பட்டது. கேட்பதற்கு ஒரு முகம் எதிரே இருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, பணம் இன்னும் தொழிலாளியின் கையில் இருந்தது. கணக்கு ஒத்துவரும்வரை கொடுக்காமல் நிற்கும் வலிமை அவருக்கு இருந்தது.

இரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்திலும் இந்நிலையைக் காணலாம். கிராணி எடையைப் பார்த்துக் குறிக்கும்போது பால்வெட்டுத் தொழிலாளியும் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முள் சாய்ந்திருந்தால் அப்போதே குரல் எழுந்தது. எழுத்தறியாதவரும் முள்ளைப் படிக்க அறிந்திருந்தார்.

முன்கட்டண முறை 555 ஏட்டுக்கு நேர் எதிரானது. இங்கே பணம் முதலில் போய்விடுகிறது. ஏடு நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கிறது. பேசப் பேசக் காசு அங்கேயே கழிக்கப்படுகிறது. எஞ்சிய தொகை மட்டும் சொல்லப்படுகிறது. பின்கட்டணத்தார்க்கு மாதந்தோறும் வருவது போன்ற விவரப்பட்டி முன்கட்டணத்தார்க்கு வீடு தேடி வருவதில்லை. திறன்பேசி வைத்திருப்பவர் நிறுவனத்தின் செயலியில் கணக்கின் ஒரு பகுதியையேனும் பார்க்கலாம். பொத்தானை அழுத்தும் பழைய கைத்தொலைபேசி வைத்திருக்கும் பாட்டிக்கு அவ்வழியும் இல்லை. "நேத்துப் பத்து வெள்ளி போட்டேன், இன்னைக்கு ஆறு வெள்ளிதான் இருக்கு" என்பதே அவர் அறிந்த கணக்கு. நடுவே நான்கு வெள்ளி எங்ஙனம் கரைந்தது என்பதற்குச் சான்று அவர் கையில் இல்லை. ஆகவே முறையிடும்போதே அவர் தோற்றவராகத் தொடங்குகிறார்.

இம்முறையின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும். கைத்தொலைபேசிக்கான முன்கட்டணத் திட்டங்களுள் முற்பட்ட ஒன்று 1995-இல் போர்த்துக்கல் நாட்டில் வந்தது. 1990-களின் இறுதியில் மலேசியாவிலும் இம்முறை பரவியது. அதற்குமுன் கைத்தொலைபேசி வேண்டுவோர் வைப்புத்தொகை கட்டி, வருமானச் சான்று காட்டி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. நாட்கூலிக்காரர்க்கு இவை எட்டாதவை. முன்கட்டணம் அத்தடைகளை எல்லாம் நீக்கிற்று. இதனை மறைத்துவிட்டு இம்முறையைப் பழிப்பது நடுநிலை ஆகாது. ஏழையின் கைக்குத் தொலைபேசியைக் கொண்டுவந்து சேர்த்தது முன்கட்டணமே. குறை அம்முறையில் இல்லை. அம்முறைக்குரிய கடமையை ஏற்காமையில் இருக்கிறது.

கரையும் காசும் கைவிட்டுப் போகும் எண்ணும்

முன்கட்டணத்தார் சொல்லும் குறைகள் பலவாயினும் அவற்றை மூன்றில் அடக்கலாம்.

கேளாத பணிக்குக் காசு கழிக்கப்படுவது முதலாவது. திரைப்பாட்டு, சோதிடம், பரிசுப் போட்டி முதலியவற்றை 3-இல் தொடங்கும் ஐந்திலக்க எண்களிலிருந்து குறுஞ்செய்தியாக அனுப்பிக் கட்டணம் பெறும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. விரும்பிச் சேர்ந்தவர் கட்டணம் கொடுப்பதில் தவறில்லை. தவறி ஒரு பொத்தானைத் தொட்டவரும், பேரப்பிள்ளை விளையாட்டாக எதையோ அனுப்பியதை அறியாதவரும் அதே வரிசையில் சேர்க்கப்படுகின்றனர். நிறுத்த விரும்பினால் 'ஸ்டாப்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி அனுப்புதல் வேண்டும். சேர்வதற்கு அறியாமை போதும்; விலகுவதற்கு ஆங்கிலம் வேண்டும் என்றால், அவ்வாயில் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

காசுக்கு வயது குறிப்பது இரண்டாவது. ஏற்றிய காசு குறித்த நாட்களுக்குள் செலவாக வேண்டும். அன்றேல் மேலும் காசு ஏற்ற வேண்டும். அதுவும் செய்யாவிடில் எஞ்சியது பயன்படாமற் போகும். அரிசி கெடும், மீன் கெடும், வெள்ளி கெடுமோ? இதற்கு ஓர் ஒப்புமை நோக்குக. மலேசியாவில் 'உரிமை கோரப்படாத பணச் சட்டம்' 1965 முதல் இருக்கிறது. வங்கிச் சேமிப்புக் கணக்கு ஒன்று ஏழாண்டு அசைவற்றுக் கிடந்தாலும் அப்பணத்தை வங்கி விழுங்கிவிட இயலாது. அது பதிவதிகாரியிடம் ஒப்படைக்கப்படுகிறது. உரியவரோ அவர்தம் வாரிசோ பின்னர்க் கேட்டுப் பெறலாம். ஏழாண்டு உறங்கிய பணத்திற்கு ஒரு நாட்டுச் சட்டம் காட்டும் பரிவு, சில வாரம் உறங்கிய முன்பணத்திற்குக் கிட்டவில்லை.

எண்ணையே இழத்தல் மூன்றாவது. இதுவே மிகக் கொடிது. நோயுற்று மருத்துவமனையில் கிடந்தவரோ, வேலையின்றிச் சில திங்கள் காசு ஏற்றாதவரோ திரும்பிப் பார்க்கும்போது எண் அவருடையதாக இல்லை. முற்காலத்தில் இஃது ஒரு சிறு தொல்லை. புதிய எண் வாங்கினால் போயிற்று. இன்றோ எண் என்பது ஆளின் நிழல். வங்கியின் மறையெண் அதற்கே வந்தது. அரசின் ரொக்க உதவிக்கான விண்ணப்பத்தில் அதுவே எழுதப்பட்டது. மருத்துவமனையின் நாட்குறிப்பும் பள்ளியின் அறிவிப்பும் அதனையே தேடி வருகின்றன. வெளியூரில் வேலை செய்யும் மகன் மனப்பாடமாக அறிந்த எண்ணும் அதுதான். இரண்டு வெள்ளி இழப்பைப் பொறுக்கலாம். எண்ணை இழந்தவர் பல வாயில்களில் ஒருங்கே அடைபடுகிறார்.

2006-இல் முன்கட்டண எண் வைத்திருப்போர் அனைவரும் அடையாள அட்டையுடன் பதிந்துகொள்ள வேண்டும் என்று அரசு பணித்தது. அதன்முன் நிறுவனங்கள் "இவ்வெண் யாருடையது என்று அறியோம்" என்று சொல்ல இடமிருந்தது. பதிவு நடந்தபின் ஒவ்வோர் எண்ணுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு. அரசுக்குப் பதில் சொல்வதற்காகப் பெயர் கேட்கப்பட்டது. பெயர் கொடுத்தவர்க்குப் பதில் சொல்லும் கடமை அதனோடு சேர்ந்து வரவில்லை.

வாயிலோனும் வேந்தனும்

முறையீட்டைத் தமிழ் இலக்கியம் போற்றியதுபோல் போற்றிய இலக்கியங்கள் சிலவே. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இதற்குச் சிறந்த சான்று. கணவனை இழந்த கண்ணகி, மதுரை அரண்மனை வாயிலில் வந்து நிற்கிறாள். அவள் அயலூராள், துணையற்றவள், கையில் இருப்பது ஒற்றைச் சிலம்பு. வாயிலோன் அவள் தோற்றங் கண்டு அஞ்சுகிறான். ஆயினும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. நாளை வருக என்று சொல்லவில்லை. உள்ளே சென்று வந்தவளைப் பற்றி மன்னனிடம் உரைக்கிறான். மன்னன் வரவிடுக என்கிறான். தீர்ப்புச் சொன்னவனே வழக்கைக் கேட்கிறான். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று மன்னன் தானே முன்வந்து சொல்கிறான். சிலம்பு எல்லார் முன்னிலையிலும் உடைக்கப்படுகிறது. உண்மை வெளிப்பட்டதும் மன்னன் பழியைப் பொற்கொல்லன்மேலோ காவலர்மேலோ ஏற்றவில்லை. தானே கள்வன் என்று ஒப்புகிறான்.

பாண்டியன் செய்த பிழை பெரிது. ஆராயாமல் கொலைக்கு ஆணையிட்டான். பிழைக்குப்பின் அவன் நின்ற நிலையோ அவனைக் காப்பியத்தில் உயர்த்திவிட்டது. அந்நிலையில் முறைகேட்டலின் நான்கு உறுப்புகள் அமைந்துள்ளன: முறையிட வந்தவரைத் தடுக்காத வாயில், தீர்க்கும் அதிகாரம் உடையவரே கேட்டல், சான்றைத் திறந்து காட்டல், பிழை தன்னுடையதாயின் ஒப்புதல்.

இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு முன்கட்டணத்தாரின் முறையீட்டு வாயிலை அளந்து பார்த்தல் தகும். அழைத்தவுடன் பேசுவது பதிவு செய்த குரல். ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்று அது வழிகாட்டுகிறது. அழைப்பவர் குறை அவ்வெண்களுள் அடங்கினால் நன்று. அடங்காவிடில் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்வார். தமக்குத் தெரிந்த மொழி அப்பட்டியலில் இல்லாதவர் முதற்படியிலேயே நின்றுவிடுவார். நெடுநேரம் இசையைக் கேட்டுக் காத்திருந்தபின் மனிதக் குரல் ஒன்று வருகிறது. பணிவாகப் பேசுகிறது, வருந்துகிறது, கணினியில் உள்ளதைப் படித்துச் சொல்கிறது. கழித்த காசைத் திருப்பித் தரும் அதிகாரமோ, ஏன் கழிக்கப்பட்டது என்று ஆராயும் அதிகாரமோ பெரும்பாலும் அக்குரலுக்கு இல்லை.

அவ்விளைஞரைக் குறை கூறுதல் அறியாமை. அவர் வாயிலோன், வேந்தன் அல்லர். ஒரு நாளில் எத்தனையோ பேரின் சினத்தைக் கேட்டு, எழுதிக் கொடுத்த சொற்களையே திரும்பச் சொல்லி, குறித்த நிமிடங்களுக்குள் பேச்சை முடிக்க வேண்டிய கூலியாள் அவர். அவரும் ஒரு முன்கட்டணத்தாராக இருத்தல் கூடும். வாயிலோன் உள்ளே சென்று உரைப்பதற்கு ஒரு வழி வேண்டும். உள்ளே கேட்பதற்கு ஒருவர் இருத்தல் வேண்டும். வாயிலை மட்டும் கட்டி அரண்மனையைக் கட்டாமல் விட்டதுபோல் இருக்கிறது இன்றைய அமைப்பு. 'வருந்துகிறோம்' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. பாண்டியன் தன் பிழையை இன்னதென்று சொல்லி ஒப்பினான். பிழை இன்னதென்று சொல்லாத வருத்தம் ஒப்புதல் ஆகாது. அது பேச்சை முடிக்கும் ஒரு மரியாதைச் சொல் மட்டுமே.

சட்டமும் சில்லறையும்

சட்டமே இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. மலேசியாவில் 1998-இல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே அதற்குரிய ஆணையமும் அமைந்தது. 2001-இல் இத்துறைக்கெனப் பயனீட்டாளர் மன்றம் ஒன்று தோன்றியது. 2003-இல் பொதுப் பயனீட்டாளர் நடத்தை நெறி பதிவாயிற்று. முதலில் நிறுவனத்திடம் முறையிடுதல், அங்குத் தீராவிடில் மேற்செல்லுதல் என்பது இதன் ஒழுங்கு. 2008-இல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் வந்தது. 1999-இன் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பயனீட்டாளர்க்கெனத் தீர்ப்பாயம் ஒன்றையும் நிறுவியது. அங்கே வழக்கறிஞர் வேண்டுவதில்லை. வழக்குப் பதியக் கட்டணம் ஐந்து வெள்ளி.

இந்த ஐந்து வெள்ளியில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ஐந்து வெள்ளி ஏழைக்கும் எட்டும் தொகையே. இயற்றியோர் நோக்கம் நன்று. ஆயினும் இழந்தது இரண்டு வெள்ளியாயின், அதனை மீட்க ஐந்து வெள்ளி கட்டி, ஒரு நாட்கூலியை விட்டு, பேருந்தேறி நகரத்திற்குச் செல்பவர் யார்? முன்கட்டணக் குறை ஒவ்வொன்றும் சிறிது. சிறிதாக இருப்பதே அதற்கு அரண். ஒருவரிடம் இருநூறு வெள்ளி தவறாகக் கழித்தால் அவர் மன்றம் ஏறுவார். நூறு பேரிடம் இரண்டிரண்டு வெள்ளி கழித்தால் நூறு பேரும் முணுமுணுத்துவிட்டு மறுநாள் மீண்டும் காசு ஏற்றுவர். இழந்த தொகை ஒன்றே. எழுந்த குரல் வேறு.

குறை எல்லார்க்கும் ஒரே நாளில் நேர்ந்தபோது விளைவு வேறாக இருந்ததை இந்நாட்டு வரலாறே காட்டுகிறது. 2011 செப்டம்பரில், அதுவரை நிறுவனங்கள் தாமே ஏற்றுவந்த 6 விழுக்காட்டுச் சேவை வரியை முன்கட்டணத்தார்மேல் சுமத்தப்போவதாக அறிவித்தன. மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது, முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 1-இல் பொருள், சேவை வரி வந்தபோது பத்து வெள்ளி அட்டைக்குப் பத்து வெள்ளி அறுபது காசு கொடுக்க நேர்ந்தது. மீண்டும் குரல் எழுந்தது. 2016 சனவரி முதல் அவ்வரிக்கு ஈடான தொகை மலேசிய முன்கட்டணத்தாரின் கணக்கில் திரும்பச் சேர்க்கப்படும் என்று அரசு அறிவித்தது. அறுபது காசு நாட்டையே பேசவைத்தது. ஏனெனில் அஃது அனைவர் கையிலிருந்தும் ஒரே நாளில் போயிற்று. தனித்தனியே, வெவ்வேறு நாளில், வெவ்வேறு பெயரில் போகும் காசுக்குக் குரல் இல்லை. தோட்டத் தொழிலாளர் இவ்வுண்மையை முன்னரே அறிந்தவர். தனி ஒருவர் தராசைப் பற்றிச் சொன்னால் அது புலம்பல். 1954-இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக இணைந்தபின் அது கோரிக்கை.

இந்திய நாட்டின் செய்தியும் ஒப்புநோக்கத் தக்கது. தொலைபேசிக் கட்டண வழக்குகளைப் பயனீட்டாளர் மன்றங்கள் கேட்க இயலாது. 1885-இன் தந்திச் சட்டத்தில் சொல்லிய நடுவர் முறையே வழி என்று 2009-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தி அனுப்பிய காலத்துச் சட்டம் கைத்தொலைபேசிக்காரரின் வாயிலை அடைத்தது. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், அம்மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாக்கியது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. ஆனால் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு நல்ல செயல்களைச் செய்தது. முன்கட்டணத்தார் கேட்டால் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் அழைப்புவாரியான கணக்கைத் தருதல் வேண்டும் என்று 2012-இல் விதித்தது. கூடுதல் பணி எதனையும் தொடங்குமுன் பயனீட்டாளரிடம் இருமுறை ஒப்புதல் பெறுதல் வேண்டும் என்று 2013-இல் பணித்தது. நடைமுறையில் இவை எவ்வளவு நிறைவேறின என்பது வேறு வினா. மூடிய ஏட்டைத் திறந்து காட்டுதல் கடமை என்று ஒரு நாடு எழுத்தில் ஒப்புக்கொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

நிறுவனத்தார் கூற்று

மறுதரப்பின் வாதங்களையும் கேட்டல் வேண்டும். முன்கட்டணத்தார் ஒவ்வொருவரிடமும் வரும் வருவாய் சிறிது. இரண்டு வெள்ளிக் குறையை ஆராய இருபது வெள்ளி செலவாகும் என்பர். எண்கள் அளவுக்குட்பட்டவை, பயன்படாத எண்ணை மீட்டுப் பிறர்க்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பர். வீண் முறையீடு செய்வோரும் உளர் என்பர். இம்மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு.

முதலாவதற்கு விடை: ஆராயும் செலவு மிகுதியாவது ஏடு மூடியிருப்பதனால். ஒவ்வொரு கழிவுக்கும் காரணமும் நேரமும் தெளிவாகக் காட்டப்பட்டால் முறையீட்டுள் பெரும்பகுதி எழவே எழாது. பிழையைத் திருத்தும் செலவைக் காட்டிப் பிழையை நியாயப்படுத்தல் பொருந்தாது. இரண்டாவதற்கு விடை: எண் வேறு, பணம் வேறு. எண் பொதுச்சொத்து, நெடுங்காலம் பயன்படாவிடில் பலமுறை அறிவித்தபின் மீட்டுக்கொள்ளலாம். பணம் தனியொருவர் உடைமை. எண்ணோடு அதனையும் எடுத்துக்கொள்ள நியாயம் இல்லை. மூன்றாவதற்கு விடை: ஐந்து வெள்ளிக்காக அரைநாள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் பொய் சொல்பவராக இரார். பொய் சொல்வோர்க்கு இதனினும் எளிய வழிகள் உண்டு.

செய்யத்தக்கன

வேண்டுவன பெரியன அல்ல. காசு கழியும்போதே என்ன காரணத்திற்கு எவ்வளவு என்பதை அவரவர் தேர்ந்த மொழியில் குறுஞ்செய்தியாகச் சொல்லுதல் வேண்டும். அம்மொழிகளுள் தமிழும் இடம்பெறுதல் வேண்டும். எழுத்தறியாதவர் மளிகைக் கடைக்காரரிடமோ பேரப்பிள்ளையிடமோ காட்டிப் படித்துக்கொள்வார். சிறு தொகை பற்றிய குறையாயின், அழைப்பை ஏற்கும் பணியாளரே அப்போதே திருப்பித் தரும் அதிகாரம் பெறுதல் வேண்டும். ஒரே வகைக் குறை பலரிடமிருந்து வருமாயின், முறையிடாதவர்க்கும் சேர்த்துத் திருப்பித் தருதல் கடமையாதல் வேண்டும். சில்லறையின் அரண் இதனால் உடையும். காலங்கடந்த காசை நிறுவனம் தன் வருவாயாகக் கொள்ளாமல், உரியவர் வந்து கேட்கும்வரை தனியே வைத்தல் வேண்டும்.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ப்பள்ளிகளில் கடிதம் எழுதக் கற்பிக்கிறார்கள். உறவினர்க்கு நலம் விசாரித்தல், விடுமுறை வேண்டித் தலைமையாசிரியர்க்கு எழுதுதல் முதலியன பழகிய தலைப்புகள். முறையீட்டுக் கடிதமும் அவ்வரிசையில் முதன்மை பெறுதல் வேண்டும். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன தொகை, இன்னது வேண்டும் என்று நான்கு வரியில் வசையின்றி எழுதக் கற்ற பிள்ளை, தன் வீட்டு முதியோர்க்குக் கிடைத்த வாயிலோனாவான். தோட்டத்தில் ஒருவர் மட்டும் எழுதினால் அதனைப் புறக்கணிக்கலாம். வரிசை வீடுகளில் நாற்பது பேர் ஒரே வாரத்தில் எழுதினால், இரண்டு வெள்ளி எண்பது வெள்ளியாகும். நாற்பது முணுமுணுப்பு ஒரு வழக்காகும்.

முன்கட்டணம் என்பது நம்பிக்கையை விலையாகக் கொடுத்துச் செய்யும் வாணிகம். பத்து வெள்ளியை முன்னே நீட்டுபவர், எதிரே முகம் தெரியாத ஒருவரை நம்பியே நீட்டுகிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வணிகர்க்கு அழகு என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துச் சொன்னார். பிறர் பொருள் தம் கையில் முன்னதாகவே வந்திருப்போர்க்கு அவ்வுரை இருமடங்கு பொருந்தும். கணக்கைத் திறந்து காட்டட்டும். கேட்பதற்கு ஓர் ஆளை அமர்த்தட்டும். முன்கட்டணத்தார் வேண்டுவது அருள் அன்று. தாம் முன்னரே கொடுத்ததற்குரிய பதில்.